துப்பாக்கியும் பட்டுவாடாவும்: தென்னிந்தியப் படைகள் மாறிய அறுபது ஆண்டுகள்

புதிய ஆயுதம் வரும்போது படைகள் எப்படி மாறுகின்றன என்ற கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1746ஆம் ஆண்டு ஐப்பசியில் அடையாற்றங்கரையில் நடந்த சண்டையிலிருந்தே தொடங்கலாம். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். கோட்டையைத் தன்னிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே சொன்ன வாக்கு நிறைவேறவில்லை என்பதால் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் தன் மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். பத்தாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. புதுச்சேரியிலிருந்து வந்து எதிர்கொண்ட பாரதி என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் கீழ் இருந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். பீரங்கி கூட அவர்களிடம் இல்லை. ஆற்றை நடந்தே கடந்து கரையேறினார்கள். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். பிறகு பயனெட்டை நீட்டிக்கொண்டு முன்னேறினார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது. ஐரோப்பிய ஆயுதத்தின் முன் இந்தியப் படை நிற்காது என்பதற்கு முதல் சான்றாக இந்தச் சண்டை பாடநூல்களில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் பாரதியின் ஆயிரம் பேரில் சுமார் எழுநூறு பேர் இந்தியச் சிப்பாய்கள். ஓடியவர்களும் துரத்தியவர்களும் பெரும்பாலும் ஒரே மண்ணின் மக்கள் என்ற உண்மையை மறந்துவிட்டுப் படிப்பதால்தான் அந்தப் பாடம் தவறாகப் போய்விட்டது.

அப்படியானால் வேறுபாடு கையிலிருந்த துப்பாக்கியிலா? இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நவாபின் வீரர்கள் வைத்திருந்தது திரித் துப்பாக்கி. புகைந்துகொண்டே இருக்கும் ஒரு திரி, விசையை இழுக்கும்போது மருந்தில் பட்டு வெடிக்கும். நம் கொல்லர்கள் அடித்த நீண்ட குழல்கள் தொலைவுக்கும் குறிக்கும் ஐரோப்பியச் சக்கிமுக்கித் துப்பாக்கிக்குச் சளைத்தவை அல்ல. பல வேளைகளில் அதைவிட மேலானவை. சக்கிமுக்கித் துப்பாக்கியால் நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதன் பலம் வேறு இடத்தில் இருந்தது. எரியும் திரி இல்லாததால் பக்கத்து ஆளின் மருந்துப் பையில் தீப்பொறி விழும் என்ற அச்சம் இல்லை. தோளோடு தோள் உரச நெருங்கி நிற்கலாம். அளந்து சுருட்டிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், பக்கத்துக் கிண்ணியில் சிறிது மருந்தை இட வேண்டும், மீதியைக் குழலில் கொட்டிக் குண்டோடு காகிதத்தையும் திணிக்க வேண்டும், இரும்புக் கம்பியால் கெட்டிக்க வேண்டும், கம்பியை மறக்காமல் திரும்பச் செருகிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். பழகிய கை இதை நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை செய்யும். எதிரே குதிரைப்படை பாய்ந்து வரும்போது, பக்கத்தில் நிற்பவன் விழும்போது, புகையில் கண் தெரியாதபோது இவ்வளவையும் வரிசை கலையாமல் செய்வது தனி மனிதனின் வீரத்தால் ஆகாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் கவாத்துப் பழகிய ஆளால்தான் ஆகும். பீரங்கிக்கும் இதுவே விதி. அடையாற்றுச் சண்டைக்கு இரண்டு நாள் முன்பு கோட்டையிலிருந்து வெளியே வந்த ஒரு பிரெஞ்சு அணி இரண்டு சிறு பீரங்கிகளை வரிசைக்குப் பின்னால் மறைத்து இழுத்து வந்தது. குதிரைகள் நெருங்கியதும் வரிசை விலகிக்கொண்டது. ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப வெகுநேரமாகும் கனத்த பீரங்கிகளையே பார்த்துப் பழகிய நவாபின் குதிரைவீரர்களுக்கு, அடுத்தடுத்து ஓயாமல் வந்து விழுந்த குண்டுகள் புத்தம் புதிய அனுபவம்.

கவாத்துக்கு ஒரு விலை உண்டு. நாள்தோறும் மைதானத்துக்கு வருபவன் நாற்று நடப் போக முடியாது. கொள்ளையை நம்பிப் பிழைப்பவனை அணிவகுப்பில் நிறுத்திவைக்க முடியாது. அவனுக்கு மாதந்தோறும் காசு வர வேண்டும், சண்டை இல்லாத மாதத்திலும் வர வேண்டும். ஆகவே புதிய துப்பாக்கி படைத்தலைவனிடம் வைத்த கோரிக்கையைவிடக் கஜானாவிடம் வைத்த கோரிக்கையே பெரிது. இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான்: பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியப் படைகள் ஆயுதத்தை ஏற்கத் தயங்கவில்லை, கவாத்தைக் கற்கவும் தவறவில்லை, மாதச் சம்பளத்தைத் தவறாமல் பட்டுவாடா செய்யும் அரசை எழுப்பியவர்கள் நின்றார்கள், அது முறிந்த இடத்தில் விழுந்தார்கள். ஐரோப்பாவிலும் கதை இதேதான். துப்பாக்கி வரிசைகள் மாறிமாறிச் சுடும் முறையை 1590களில் உருவாக்கியவர்கள் நெதர்லாந்தின் நாசாவு குடும்பத்து இளவரசர்கள். அது அங்கே வேரூன்றியதற்குக் காரணம், நெதர்லாந்துப் படைக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது. எதிரே நின்ற ஸ்பானியப் படை அன்றைய உலகின் மிகச் சிறந்த காலாட்படை. சம்பளப் பாக்கிக்காக 1572க்குப் பின் வந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பது முறைக்கு மேல் கலகம் செய்தது.

பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து ஆங்கிலேயர் விரைந்து கற்றுக்கொண்டார்கள். 1748இல் கடலூர்ப் புனித டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அங்கிருந்த காவல் சேவகர்களைக் கம்பெனிகளாகப் பிரித்துப் பழக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில் அவை பட்டாளங்களாக வளர்ந்தன. சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக் என்று படிநிலை ஏற்பட்டது. அந்தப் படையில் தலையெடுத்தவர்தான் இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்த யூசுப் கான், நம் மக்கள் வாயில் கும்மந்தான் கான்சாகிபு. 1758–59இல் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது வெளியே நின்று அதன் உணவு வரத்தை அறுத்தவர் அவர். பிறகு மதுரைச் சீமையைக் குத்தகைக்கு எடுத்தபோது அவர் செய்ததைக் கவனியுங்கள். வரிவசூலை ஒழுங்குபடுத்தினார், கண்மாய்களையும் நெசவாளர்களையும் கவனித்தார், அந்த வருவாயிலிருந்து தனக்கென ஒரு படையைத் திரட்டினார். அவருடைய வலிமையின் இரகசியம் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கற்ற கவாத்து மட்டுமாக இருந்திருந்தால் 1763இல் கிளர்ந்தெழுந்தவுடன் அடங்கியிருப்பார். மதுரைக் கோட்டையின் முதல் முற்றுகை மழையோடு தோற்றது. 1764 ஜூனில் நடந்த நேரடித் தாக்குதலையும் அவருடைய ஆட்கள் முறியடித்தார்கள். கடைசியில் கோட்டையைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டபோதுதான் உள்ளிருந்தவர்களின் உறுதி குலைந்தது. அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவரிடமே வேலை பார்த்தவர்கள். அந்த அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். வரிவசூல் நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு கோட்டைக்குள் எவ்வளவு நல்ல துப்பாக்கி இருந்தாலும் எத்தனை மாதம் தாங்கும்?

யூசுப் கான் ஒரு சீமையில் செய்ததை ஒரு நாடளவில் செய்து காட்டியவர்கள் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும். 1755இல் திண்டுக்கல் பௌஜ்தாராக இருந்தபோதே ஹைதர் பிரெஞ்சுத் தொழிலாளிகளை அமர்த்தி அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். மைசூரின் வாணங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம்; பேச வேண்டியதுதான். மூங்கில் குழலுக்குப் பதில் இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்ததால் அவை வெகுதூரம் பாய்ந்தன. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததற்கு அவருடைய வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகளுக்கு முன்மாதிரி மைசூரிலிருந்தே போனது. ஆயினும் மைசூர்ப் படையின் அடித்தளம் வாணத்தில் இல்லை, மாட்டில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். உடையார் அரசர்கள் காலத்தில் பென்னெ சாவடி என்ற பெயரில் தொடங்கிய அரசு மாட்டுப்பண்ணையை ஹைதர் பெருக்கினார். திப்பு அதற்கு அம்ரித் மஹால் என்று பெயர் வைத்து விதிமுறைகள் வகுத்தார். அந்த மாடுகளின் பலத்தில்தான் ஹைதர் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் நடந்தார் என்றும், தோற்ற சண்டையிலும் பீரங்கிகளை எதிரியிடம் விடாமல் இழுத்துச் சென்றார் என்றும் ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதன் மறுபக்கத்தை 1791 மே மாதத்தில் காணலாம். கார்ன்வாலிஸ் பிரபு கனத்த முற்றுகைப் பீரங்கிகளோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலுக்கே வந்தார், களத்தில் வென்றும் விட்டார். ஆனால் வண்டி மாடுகள் தீனியின்றி ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. படைக்குத் தானியம் இல்லை. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு அவர் வென்றதற்கு, அலெக்சாண்டர் ரீட் போன்ற அதிகாரிகள் இடைப்பட்ட மாதங்களில் பஞ்சாரா வணிகர்களைப் பிடித்துப் பொதிமாடுகளில் தானியம் வரவழைத்ததும், மராத்தியரும் நிஜாமும் உடன் நின்றதுமே காரணம். உடன்படிக்கையில் கம்பெனி என்ன கேட்டது? திப்புவின் துப்பாக்கிகளையோ வாணங்களையோ கேட்கவில்லை. நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கேட்டது. மைசூரின் பலம் எங்கே இருந்தது என்று எதிரிக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததை 1792இன் அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்கித்தான் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எத்தனை சொன்னாலும் இந்தியப் படைகள் போலி நகல்கள்தானே, நகல் அசலுக்கு நிகராகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அசாயே விடை சொல்லும். மகாதாஜி சிந்தியாவுக்காக திபுவாஞ் என்ற சவாய் நாட்டுக்காரர் 1784க்குப் பின் எழுப்பிய பட்டாளங்கள் வட இந்தியாவில் வரிசையாக வெற்றி கண்டவை. ஆக்ராவில் அவர்களுக்கென்றே பீரங்கி வார்க்கப்பட்டது. 1803 செப்டம்பர் 23ஆம் நாள் அசாயேயில் ஆர்தர் வெல்லஸ்லியை எதிர்த்து நின்றது அந்த மரபில் வந்த காலாட்படை. வெல்லஸ்லியின் படையில் கணிசமானவர்கள் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். சுமார் 7,000 பேரில் 1,500க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர் அல்லது காயப்பட்டனர். பின்னாளில் நெப்போலியனை வென்ற அந்த மனிதர், தன் வாழ்நாளின் மிகக் கடுமையான சண்டைகளில் ஒன்றாக அதை நினைவுகூர்ந்தார். பிடிபட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்ட பீரங்கிகளின் வார்ப்பைப் புகழ்ந்து எழுதினார். நகல் அசலோடு சமமாகவே நின்றது. விழுந்தது வேறு காரணத்தால். திபுவாஞ் இருந்தவரை கங்கை–யமுனைச் சமவெளியின் சில பரகணாக்களின் வருவாய் அவருடைய பட்டாளங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது, சம்பளம் தவறவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஓர் அயல்நாட்டு அதிகாரியின் கையில் இருந்தது, அரசின் கையில் இல்லை. 1803 ஆகஸ்டில் சிந்தியாவிடம் வேலை பார்த்த பிரிட்டிஷ் குடிகளுக்குக் கம்பெனி ஒரு பிரகடனம் விடுத்தது: அங்கே வாங்கிய சம்பளத்துக்கு ஈடாக இங்கே தருகிறோம், வந்துவிடுங்கள். பலர் போனார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அலிகர் விழுந்ததும் சிந்தியாவின் தலைமைத் தளபதி பெரோனே கம்பெனியின் பாதுகாப்பில் போய்ச் சேர்ந்தார். கஜானாச் சாவி தளபதியிடம் இருந்த ஒரு படையைத் தோற்கடிக்க அந்தத் தளபதியை விலைக்கு வாங்கினால் போதும் என்பது கம்பெனிக்குப் புரிந்திருந்தது.

இன்னொரு மறுப்பு இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வரும். ஐரோப்பிய முறையைப் பின்பற்றியதே பிழை, குதிரையேறி மறைந்து தாக்கும் பழைய முறையில் நின்றிருந்தால் வென்றிருப்பார்கள் என்ற கருத்து அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதில் பாதி உண்மை. 1769இல் ஹைதரின் குதிரைப்படை சென்னையின் எல்லைக்கே வந்து நின்றதால்தான் கம்பெனி உடன்படிக்கைக்கு இறங்கியது. ஆனால் குதிரைப்படை ஊரைப் பாழாக்கும், கோட்டையைப் பிடிக்காது. பிடித்த இடத்தை வைத்துக்கொள்ளவும் செய்யாது. பாழான ஊரிலிருந்து வரி வராது. ஹைதர் இரண்டையும் இணைத்தே போரிட்டார், அது அவருடைய தேர்ந்த அறிவு. பழைய ஆயுதத்தைக் கொண்டே புதிய ஆயுதத்துக்கு விடை கண்டவர்கள் என்று சொல்ல வேண்டுமானால் பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களைத்தான் சொல்ல வேண்டும். கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்டுக் கோட்டை தரைமட்டமான பின், 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் தோழர்களும் அதே இடத்தில் மண்ணைப் பிசைந்து சில நாட்களில் மதில் எழுப்பினார்கள். மண் மதில் பீரங்கிக் குண்டை வாங்கி விழுங்கிக்கொள்ளும். கல்மதிலைப் போலச் சிதறாது. உடைப்பின் உச்சிக்கு ஏறி வந்த சிப்பாய்களையும் வெள்ளைக்காரர்களையும் உள்ளே தாழ நின்றவர்கள் மிக நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். மார்ச் 31ஆம் நாள் நடந்த தாக்குதல் முழுத் தோல்வி. எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் அந்தத் தற்காப்பை வியந்து எழுதினார். இந்த அறிவும் துணிவும் எந்தப் படைப்பள்ளியிலும் கற்றதல்ல, நம் நெஞ்சை நிமிரச் செய்பவை. ஆனாலும் மே 24ஆம் நாள் கோட்டை விழுந்தது. இடைப்பட்ட எட்டு வாரங்களில் கம்பெனி மலபார் வரையிலிருந்து ஆட்களையும் பெரிய பீரங்கிகளையும் கொண்டு வந்து சேர்த்தது; பாளையத்துக்கு அப்படிக் கொண்டு வந்து சேர்க்க யாரும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பாளையங்களில் கோட்டையும் ஆயுதமும் கூடாது என்று சென்னை அரசு பிரகடனம் செய்தது.

கம்பெனியும் சம்பளப் பாக்கி வைக்கவில்லையா என்று கேட்கலாம். வைத்தது. 1780களின் தொடக்கத்தில் சென்னைக் கஜானா வறண்டு கிடந்தது. 1780 அக்டோபரில் விசாகப்பட்டினத்துச் சிப்பாய்கள் கப்பலேற மறுத்துக் கலகம் செய்தார்கள். ஆனால் சென்னையின் வெறுமையை நிரப்ப வங்காளம் இருந்தது. 1765இல் கிடைத்த திவானி உரிமையால் வங்காளத்து உழவனின் வரி கடல்வழியே இங்கு வந்து நம் ஊர்ச் சிப்பாய்க்குச் சம்பளமானது. அதற்கு மேலும் ஓர் ஏற்பாடு. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி தனக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் கம்பெனிப் படைக்குப் பணம் கொடுத்தார். கொடுக்கக் கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். அந்தக் கடனுக்கு ஊர்களின் வருவாயை அடகு வைத்தார். 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன் கொள்ளையை அம்பலப்படுத்திப் பேசினார். 1801இல் நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகமே கம்பெனியிடம் போனது. தஞ்சைக்கும் ஐதராபாத்துக்கும் நேர்ந்தது இதன் வேறு வடிவங்கள். பிறருடைய நிலத்தைத் தன் படையின் சம்பளப் பட்டியலோடு இணைத்த இந்தச் சூழ்ச்சிதான் அந்த நூற்றாண்டின் உண்மையான புது ஆயுதம். அதைச் செய்ததை நான் பாராட்டவில்லை. அதன் விலையை வங்காளத்திலும் தஞ்சைச் சமவெளியிலும் ஏர் பிடித்தவர்கள் கொடுத்தார்கள்.

என் வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு, அதை வேலூர் காட்டுகிறது. மாதச் சம்பளம் சிப்பாயை வரிசையில் நிறுத்தும். அவன் உடலின் மேல் முழு உரிமையையும் தந்துவிடாது. சென்னைத் தளபதி ஜான் கிராடக்கின் காலத்தில் கவாத்து ஒழுங்கு நெற்றிக்கும் தாடைக்கும் ஏறியது. சீருடையில் இருக்கும்போது திருநீறோ திருமண்ணோ கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை அளவாகக் கத்தரிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். துப்பாக்கி சுடுவதற்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. மறுத்தவர்களில் சிலருக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை எழுச்சியை அடக்கியபோது கொல்லப்பட்ட இந்தியர்கள் பல நூறு. கிராடக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் இலண்டன் திருப்பி அழைத்தது, புது விதிகள் நீங்கின. சம்பளம் ஒழுங்காக வந்த படைதான் அது. மாற்றத்தை ஏற்க வேண்டியவனைக் கேளாமல் திணித்த மாற்றம் எந்தக் கஜானாவாலும் நிலைக்காது என்பதைக் கம்பெனி அன்று கண்டது. ஐம்பத்தோராண்டு கழித்து, பல்லால் கடிக்க வேண்டிய என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பைப் பற்றிய அச்சம் வட இந்தியப் பட்டாளங்களில் பரவியபோது, அதையே மறுபடி காண நேர்ந்தது.

1857க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு எடுத்த முடிவு இந்த வரலாற்றின் போக்கையே திருப்பிவிட்டது. அதுவரை புதிய ஆயுதத்துக்கு மாறுவதில் தென்னிந்தியச் சிப்பாய் உலகின் எந்தக் காலாளுக்கும் பின்தங்கியவன் அல்லன். இப்போது அவனுக்குத் தெரிந்தே பழைய ஆயுதம் தரப்பட்டது. பிரிட்டிஷ் சிப்பாய் மார்ட்டினி–ஹென்றி ஏந்தியபோது இந்தியச் சிப்பாயின் கையில் அதற்கு முந்தைய ஸ்நைடர் இருந்தது. 1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைகள், கொண்டு போன துப்பாக்கிகளை அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொண்டு, பழகப் போதிய நாள் இல்லாமல் போர்முனைக்குச் சென்றன. பணமும் தொழிற்சாலையும் குறைவில்லாமல் இருந்த ஓர் அரசு, தன் படையை நம்பாததால் வேண்டுமென்றே அதைப் பின்னுக்கு வைத்திருந்தது. பீரங்கி முற்றிலும் வெள்ளையர் கைக்குப் போயிற்று. சில மலைப் பீரங்கி அணிகள் மட்டும் விதிவிலக்கு. திண்டுக்கல்லிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஆக்ராவிலும் பீரங்கி வார்த்தவர்களின் வழிவந்தவர்கள் களப் பீரங்கியை மறுபடி இயக்க 1935 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவு எழுப்பப்பட்டது.